பருவமழை பொய்த்தது: ஒரு வாக்கியத்தின் வரலாறு

1

'மான்சூன் ஃபெயில்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உண்டு. இரண்டே சொல். எழுவாய் மான்சூன். பயனிலை தவறியது. செயப்படுபொருள் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்களைப் பற்றிய எழுத்தில் இந்த வாக்கியமும் இதன் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தப்பு செய்தது மழை. செத்தது குடியானவன். மற்ற எல்லாரும் வெறும் சாட்சிகள்.

தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு வானிலை சாஸ்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு வேலை இலக்கணத்தில்தான். வானத்தின் செய்கைகளை விவரிக்கவும் அவற்றுக்குக் காரணம் சொல்லவும் ஆங்கிலம் எப்படிக் கற்றுக்கொண்டது? அந்தக் காரணம் சொல்லும் முறை பஞ்சத்தின் மீது போர்த்தப்பட்டபோது வாக்கியத்திலிருந்து காணாமல் போனவர்கள் யார்? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

2

மிதமான தூறலும் மூடுபனியுமாக இருக்கிற ஒரு தீவின் மொழிக்குப் பெருங்காற்றைச் சொல்லச் சொந்தமாக அதிகச் சொற்கள் இருந்திருக்க நியாயமில்லை. கடலோடிப் பெற்றவைதான் பல. 'ஹரிக்கேன்' கரீபியத் தீவுகளின் ஆதிக்குடிகளிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. 'மான்சூன்' அரபு மாலுமிகளின் மவ்சிம். பருவம், அதிலும் குறிப்பாகப் பாய் விரிக்க உகந்த பருவம். போர்த்துகீசியர் வாயில் மொன்சாவ் ஆகி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் ஒட்டி வருகிற வெதுவெதுப்பான நீரோட்டத்தைக் குழந்தை இயேசுவின் பேரால் 'எல் நினோ' என்றார்கள். அது இன்று உலக விஞ்ஞானத்தின் சொல். உழைக்கிறவன் கொடுத்த பெயர்கள் இவை. அகராதிக்குள் போன பிறகு உழைத்தவன் அடிக்குறிப்பாகிவிட்டான்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வேலையும் நடந்தது. 1802 டிசம்பரில் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வியாபாரி மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்து ஒரு கட்டுரை வாசித்தார். சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், நிம்பஸ். கலைந்துகொண்டே இருக்கிற ஒன்றை வகைப்படுத்தலாம் என்று காட்டியதுதான் அதில் இருந்த துணிச்சல். 1806இல் கப்பற்படை அதிகாரி பியூஃபர்ட் காற்றின் வேகத்துக்கு எண் கொடுத்தார். 'பலமான காற்று' என்று ஆளுக்கொன்றாகச் சொன்னதெல்லாம் ஓர் அளவுகோலுக்குள் வந்தது. பெயர், எண், அட்டவணை: நவீன ஆட்சி ஜனங்களை எண்ணுவதற்குக் கையாண்ட அதே கருவிகள் வானத்தின் மீதும் திருப்பப்பட்டன.

3

'சைக்ளோன்' பிறந்த ஊர் கல்கத்தா. கப்பல் தலைவராக இருந்து, பிறகு அங்கே கடல்சார் விசாரணை மன்றத்தில் பொறுப்பு வகித்த ஹென்றி பிடிங்டன் 1848இல் வெளியிட்ட மாலுமிக் கையேட்டில் இந்தச் சொல்லை முன்வைத்தார். பாம்பின் சுருளைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. பெயரே காரணத்தையும் சொல்லிவிடுகிறது: காற்று நேராக வீசவில்லை, சுற்றுகிறது. புத்தகத்தோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் கொடுத்தார்கள். காற்றின் வட்டம் வரைந்த தகட்டை வரைபடத்தின் மேல் வைத்தால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று மாலுமி கண்டுபிடித்து விலகலாம். அபாரமான வேலை, சந்தேகமில்லை.

ஆனால் இந்த அறிவு எதிலிருந்து கட்டப்பட்டது? பிடிங்டன் சேகரித்தவை கப்பல்களின் நாட்குறிப்புகள். கப்பலுக்கு நாட்குறிப்பு உண்டு; கட்டுமரத்துக்குக் கிடையாது. கோரமண்டல் கரையில் தலைமுறை தலைமுறையாக வாடை, கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறிந்து பிழைத்தவர்கள் இந்த ஆவணக் காப்பகத்தில் சாட்சியாகக்கூட ஏறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கல்கத்தாவுக்குத் துணையாக மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டப் போனார்கள். புயல் எழுப்பும் கடலலை அதை அழித்துவிடும் என்று பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கே எழுதினார். யாரு கேக்கறது? போர்ட் கேனிங் எழுந்தது. 1867 நவம்பரில் புயல் வந்தது, துறைமுகம் போனது. அதற்கு முன்பே, 1864 அக்டோபர் புயலில் கல்கத்தா வட்டாரத்தில் மாண்டவர்கள் சுமார் 60,000 பேர். காரணத்தை அறிந்திருப்பது ஒன்று, அறிந்ததற்கேற்ப நடப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் முதலீடு உட்கார்ந்திருந்தது.

லண்டனிலும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. 1859இல் ராயல் சார்ட்டர் கப்பல் மூழ்கி ஏறக்குறைய 450 பேர் இறந்த பிறகு, அட்மிரல் ஃபிட்ஸ்ராய் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை தொடங்கினார். 1861 ஆகஸ்டில் பத்திரிகையில் நாளைய வானிலை வந்தது. ஆரூடம், தீர்க்கதரிசனம் என்ற வாசனை வரக்கூடாது என்று கவனமாக 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைப் பொறுக்கினார். தப்பும்போது சிரித்தார்கள். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு கணிப்பும் எச்சரிக்கையும் நிறுத்தப்பட்டன. துறைமுகங்களிலிருந்து எழுந்த கூக்குரலால் 1867இல் எச்சரிக்கை திரும்பி வந்தது. விஞ்ஞானம் மேலிருந்து மட்டும் இறங்கியதில்லை; கீழிருந்தும் கேட்டு வாங்கப்பட்டிருக்கிறது.

4

இப்போது சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று அதே வளாகத்தில், இன்றைய வானிலை மையத்துக்குள் நிற்கிறது. ஆசியாவில் கணித அறிவியல்களைப் பிரிட்டிஷ் தாராள மனம்தான் நட்டது என்று லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் பொறித்திருக்கிறார்கள்.

அந்தத் தாராள மனம் 1876-78 பஞ்சத்தில் எப்படி நடந்துகொண்டது? வைசிராய் லிட்டன் தானிய வியாபாரத்தில் கைவைக்கக்கூடாது என்ற கொள்கையில் உறுதியாக இருந்தார். ஏற்றுமதி நிற்கவில்லை. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரண வேலைக்கான கூலியை வெட்டினார். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. இது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி ஏறியது. அதற்குள் முகாம்களில் சாவு நடந்து முடிந்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இதே 1877இல்தான் புள்ளிவிவரத் துறைத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹன்ட்டர் சென்னையின் மழைக் கணக்கை எடுத்து, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் பதினோரு வருடச் சுழற்சியோடு பொருத்தித் தென்னிந்தியப் பஞ்சத்துக்கு விளக்கம் எழுதினார். வானியலாளர் லாக்யரும் கூடச் சேர்ந்தார். தெருவில் பிணம் கிடக்கிறது. காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் தேடப்படுகிறது. கரும்புள்ளிக் கணக்கு பின்னால் நிலைக்கவில்லை. சரியாகவே இருந்திருந்தாலும் என்ன? அது மழை குறைந்ததற்குக் காரணமாகும். ஒரு பவுண்டு கூலிக்குக் காரணமாகாதே! 1880இன் பஞ்சக் கமிஷன் அறிக்கையே இந்தியாவில் பஞ்சம் என்பது தானியம் இல்லாமல் போவதைவிட வேலையும் கூலியும் இல்லாமல் போவதுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பஞ்சங்களின் நிழலில்தான் இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பட்டது. முதல் தலைவர் பிளான்ஃபோர்ட் இமயமலைப் பனிக்கும் மழைக்குறைவுக்கும் தொடர்பு கண்டார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்கும் உள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பசிபிக்குக்கும் இந்துமாக்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல் மாறுவதைக் கண்டார். 1924 வாக்கில் அதற்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். அந்தக் கணக்குகளைக் கையால் போட்டவர்களில் பலர் இந்திய எழுத்தர்கள். புகழ்பெற்ற பெயருக்குக் கீழே அவர்கள் பெயர் இல்லை. 1969இல் பியர்க்னெஸ் இந்த அலைவை எல் நினோவோடு இணைத்தார். ஆக, மழையின் காரணம் ஏறக்குறைய நூறு வருஷத்தில் பெரிய அளவுக்குப் பிடிபட்டது. சாவின் காரணம்?

5

இங்கே நம்மாட்கள் உடனே 'எங்களிடம் எல்லாம் இருந்தது' என்று கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 'மழை பொய்த்தது' என்று தமிழிலும் மழைதான் எழுவாய். ஆனால் பழைய தமிழ் அங்கே நிற்கவில்லை. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் மன்னன் முறை தவறினால் மழை தவறும் என்கிறார். இயற்பியலாக இது தப்பு. அரசியலாகப் பார்த்தால், மழைக்காக அரசனைக் கூண்டில் ஏற்றுகிற வாக்கியம். அதே நூல்தான் கணவனைத் தொழும் பெண் சொன்னால் மழை பெய்யும் என்றும் சொல்கிறது. அப்படியானால் பெய்யாத வருஷம் பழி யார் தலையில் விழும்? மரபின் காரணவியலில் அரசன் தலையோடு பெண்ணின் தலையும் உருள்கிறது. இதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆங்கில அறிவியல் இந்தப் பழியை வானத்திலிருந்து நீக்கியது. அது விடுதலைதான். ஆனால் பெண்ணை விடுவித்த கையோடு அரசனையும் விடுவித்துவிட்டது. எதிர்க்க வேண்டியது அறிவியலை அல்ல; ஒரு காரணத்தைக் காட்டி இன்னொரு காரணத்தை மறைக்கிற சொல்லாடலை.

6

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையில் ஃபைலின் வந்தபோது சாவு சில பத்துகளில் நின்றது. வங்கக்கடல் இரக்கம் கொண்டுவிடவில்லை. முன்கணிப்போடு புகலிடக் கட்டடமும், லட்சக்கணக்கானவர்களை ஏற்றிப்போன வண்டிகளும் சேர்ந்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் எல் நினோ பேசப்பட்டது. பெய்த மழைக்கு அது விளக்கத்தில் ஒரு பகுதி. ஏரிகள் வீட்டுமனையானதற்கும், செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எப்போது எவ்வளவு திறக்கப்பட்டது என்பதற்கும் பசிபிக் கடல் பதில் சொல்லாது. தணிக்கைத் துறை அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்தது என்று பின்னர் குறிப்பிட்டது. நம் பத்திரிகைகள் மட்டும் இன்னும் 'இயற்கைச் சீற்றம்' என்றே எழுதுகின்றன. கோபம் இயற்கைக்கு, கும்பிடு அரசுக்கு.

இனி பஞ்சமோ வெள்ளமோ வரும்போது அறிக்கையின் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுவாய் யார் என்று பாருங்கள். மழையாக இருந்தால், அடுத்து வர வேண்டிய வாக்கியத்தை நாம்தான் எழுத வேண்டும்: கூலியை வெட்டியது யார், மதகைத் திறந்தது யார், ஏரியை விற்றது யார்? மழை தன் காரணங்களை மறைத்ததில்லை.