கன அளவு

கன அளவு என்பது ஒரு பொருளோ மூடிய வடிவமோ முப்பரிமாண வெளியில் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. பருமன் என்றும், இலங்கைப் பாடநூல்களில் கனவளவு என்றும் வழங்கும். ஒரு வடிவத்தின் நீளங்களையெல்லாம் இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகும். பெரிய விலங்கின் எலும்புகள் சிறிய விலங்கினுடையவற்றைவிட விகிதத்தில் தடித்திருக்க வேண்டியது ஏன் என்பதை கலிலியோ 1638இல் இவ்வுறவைக் கொண்டே விளக்கினார்.

அலகுகள்

பன்னாட்டு அலகு முறையில் கன அளவின் அலகு கன மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு லிட்டர். ஒரு லிட்டர் 1,000 கன சென்டிமீட்டருக்குச் சமம். 1901இல் லிட்டருக்கு வேறு வரையறை தரப்பட்டது: அடர்த்தி மிகுந்த நிலையிலுள்ள ஒரு கிலோகிராம் தூய நீரின் கன அளவே லிட்டர் எனப்பட்டது. அந்த லிட்டர் 1,000 கன சென்டிமீட்டரைவிடச் சுமார் 0.028 கன சென்டிமீட்டர் கூடுதலாக இருந்ததால், 1964இல் அவ்வரையறை கைவிடப்பட்டது.

தமிழகத்தில் தானியம் நிறுக்கப்படாமல் முகந்தே அளக்கப்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். அணை நீரைக் குறிக்கும் டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

கணக்கிடும் முறைகள்

கனச்செவ்வகம், பட்டகம், உருளை ஆகியவற்றின் கன அளவு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும். அதே அடிப்பரப்பும் உயரமும் கொண்ட கூம்பும் பிரமிடும் அதில் மூன்றில் ஒரு பங்கு. கி.மு. 1850 அளவிலான எகிப்தின் மாஸ்கோ பாப்பிரசில், உச்சி வெட்டப்பட்ட சதுரப் பிரமிடுக்கான கணக்கு உள்ளது: அடிப்பக்கம் 4, மேற்பக்கம் 2, உயரம் 6, விடை 56. இது சரியான விடை.

ஒரு கோளம், அதைச் சரியாகத் தன்னுள் அடக்கும் உருளையில் மூன்றில் இரு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். இரு திண்மங்களை ஒவ்வோர் உயரத்திலும் கிடையாக வெட்டும்போது வெட்டுமுகப் பரப்புகள் சமமாக இருந்தால், அவற்றின் கன அளவும் சமம் என்ற கொள்கையை இத்தாலியின் கவலியேரி 1635இல் வெளியிட்டார். சீனாவில் சூ சோங்சியும் அவர் மகனும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே இதைக் கையாண்டிருந்தனர். மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்து கெப்ளர் 1615இல் ஒரு நூல் எழுதினார். இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாக உருவான தொகை நுண்கணிதம், திண்மத்தை மெல்லிய சீவல்களாகப் பகுத்துக் கூட்டும் பொதுமுறையைத் தந்தது.

பருப்பொருளில் கன அளவு

ஒழுங்கற்ற திண்மத்தை நீரில் முழுதாக அமிழ்த்தினால், அது இடம்பெயர்க்கும் நீரின் அளவே அதன் கன அளவு. நீர்மங்களை அளவுசாடி, பியூரெட், பிப்பெட் ஆகியவற்றால் அளப்பர். கண்ணாடிக் குழாயில் நீரின் மேற்பரப்பு குழிந்திருக்கும். குழிவின் அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து அளவைப் படிக்க வேண்டும்.

வடிவங்களின் கன அளவைக் கூட்டலாம். கலக்கும் பொருள்களுக்கு இவ்விதி எப்போதும் பொருந்தாது. 50 மில்லிலிட்டர் நீரும் 50 மில்லிலிட்டர் எத்தனாலும் கலந்தால் ஏறத்தாழ 96 முதல் 97 மில்லிலிட்டரே கிடைக்கும். மூலக்கூறுகள் முன்னைவிட நெருக்கமாக அமைவதே காரணம், நிறை மாறுவதில்லை. வெப்பநிலையும் கன அளவை மாற்றும். நீர் சுமார் 4 டிகிரி செல்சியசில் மிகச் சுருங்கியிருக்கும். உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். வாயுவின் கன அளவு அழுத்தத்தையும் பெரிதும் சார்ந்தது: 0 டிகிரி செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் வாயு சுமார் 22.4 லிட்டர் இடம் கொள்ளும். இதனால் வாயுவின் கன அளவைக் கூறும்போது வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் குறிப்பிடுவர். ஆய்வகக் கண்ணாடிக் கலன்களிலும் அவை அளவிடப்பட்ட வெப்பநிலை, பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ், பொறிக்கப்பட்டிருக்கும்.