முக அறுவை சிகிச்சை முன் ஆலோசனை (ஜவ்வாது மலை வட்டாரம்)

முக அறுவை சிகிச்சை முன் ஆலோசனை என்பது தாடை, கன்னம், மூக்கு, கண்குழி, உதடு, அண்ணம் ஆகிய பகுதிகளில் அறுவை செய்வதற்கு முன் நோயாளியும் மருத்துவரும் கூடிப் பேசும் சந்திப்பு. காயத்தின் அல்லது குறையின் அளவு, எடுக்க வேண்டிய படங்கள், உள்ளே வைக்கப்போகும் பொருள், செலவு, மறுபடி வரவேண்டிய நாள்கள் ஆகியவை இதில்தான் முடிவாகின்றன. வேலூரிலோ சென்னையிலோ குடியிருப்பவருக்கு இது அரைநாள் வேலை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒருநாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஒரு தாளோ ஒரு படமோ விட்டுப்போனால் அதே பயணம் மறுபடியும். எனவே இவ்வட்டாரத்தில் ஆலோசனைக்கான ஆயத்தம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

வட்டாரமும் தேவையும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். சாமை, புளி, பலா, தேன் ஆகியவை மலையின் விளைபொருள்கள். வட்டாரத் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். போளூர், ஆலங்காயம் பக்கமிருந்து மலைப்பாதைகள் ஏறுகின்றன.

முகத்தில் அறுவை தேவைப்படும் நிலைமைகள் மலையிலும் சமவெளியிலும் பெரும்பாலும் ஒன்றே: பிறவி உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, இருசக்கர வாகன விபத்து, வாய்ப் புற்று, தீக்காயம். மலை வாழ்வு இவற்றோடு சிலவற்றைச் சேர்க்கிறது. கொண்டை ஊசி வளைவில் தலைக்கவசம் இல்லாமல் சரியும் வண்டி, புளி உலுக்கவோ தேன் எடுக்கவோ ஏறிய மரத்திலிருந்து விழுதல், காட்டுவிலங்குத் தாக்குதல் ஆகியவை அவை. தென்னிந்தியக் காடுகளில் வாழும் தேன்கரடி மனிதரைத் தாக்கும்போது தலையையும் முகத்தையும் குறிவைப்பது வழக்கம். அதன் நீண்ட நகங்கள் தோலையும் தசையையும் கிழிப்பதோடு மூக்கெலும்பு, கன்ன எலும்பு, கண்குழி வரை சேதப்படுத்தும்.

வரலாறு

முகத்தைச் சீரமைக்கும் கலை இந்தியாவில் பழமையானது. சுசுருதரின் பெயரால் வழங்கும் நூல் மூக்குச் சீரமைப்பை விவரிக்கிறது. ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் சிறைபட்டு மூக்கறுபட்டார். பின்னர் புனேயில் அவருடைய நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைக்கப்பட்டது. இச்செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியாகி ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அந்த அறுவையில் கத்தி வைப்பதற்கு முன் ஒரு வேலை நடந்தது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் பிடித்து, அதை நெற்றியில் விரித்து வைத்து, அந்த ஓரத்தை ஒட்டிக் கோடு வரைந்தார்கள். எவ்வளவு தோல் தேவை என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்தது. இன்று கணினித் திரையில் நடக்கும் அளவெடுப்பின் நோக்கமும் இதுவே.

ஜவ்வாது மலைக்கு அருகிலுள்ள வேலூருக்கு இத்துறையில் தனி இடம் உண்டு. 1914இல் கொல்லிமலையில் மதப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிய கைகளுக்கான தசைநாண் அறுவைகளால் அவர் புகழ்பெற்றார். ஆனால் கை சரியானவர்களும் முகத்தின் அடையாளத்தால் வேலை கிடைக்காமல் திரும்பினார்கள். அதனால் மூக்கும் புருவமும் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தன. தொழுநோயில் மூக்கின் வெளித்தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்; உள்சவ்வும் குருத்தெலும்பும் அழிந்து சுருங்குவதால் மூக்கு உள்வாங்கிவிடும். மேலுதட்டுக்கு உள்பக்கமாகத் திறந்து, சுருங்கிய பகுதியை விடுவித்து, உள்ளே தோல் ஒட்டு வைத்தார்கள். தண்டு நிமிர எலும்பு ஒட்டும் வைத்தார்கள். உதிர்ந்த புருவத்துக்குப் பதிலாக, முடியுள்ள தலைத்தோலின் சிறு பகுதியை ரத்தக்குழாயோடு நெற்றித் தோலுக்கு அடியில் நகர்த்திப் பொருத்தினார்கள். காட்பாடிக்கு அருகில் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையம் இப்பணியைத் தொடர்ந்தது.

எந்தத் துறை, எவ்வளவு விரைவில்

தாடை எலும்பு முறிவு, பற்கள் பொருந்தாமை, தாடைக் கட்டி ஆகியவற்றை வாய், முகத்தாடை அறுவைத் துறை பார்க்கிறது. தோல் இழப்பு, தீக்காயம், உதடு, காது, மூக்கு அமைப்பு ஆகியவை பிளாஸ்டிக் அறுவைத் துறையின் வேலை. கண்குழி முறிவில் கண் மருத்துவரும், மூக்கு, சைனஸ் பாதிப்பில் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்வார்கள்.

மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, பார்வை மங்கல், அடிபட்டபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுதல் ஆகியவை அவசர நிலைகள். இவற்றுக்கு வெளிநோயாளர் சீட்டுப் போட்டுக் காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். பெரியவரின் தாடை முறிவை முதல் இரண்டு வாரங்களுக்குள் சரிசெய்வது எளிது. நாள் கடந்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும்; பிறகு அதை மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டும்.

சிறுவர்களின் கண்குழி முறிவு எளிதில் ஏமாற்றக்கூடியது. இளம் எலும்பு முழுதாக உடையாமல் வளைந்து திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிக்கொள்ளும். வெளியே சிவப்போ வீக்கமோ அதிகம் தெரியாது. பிள்ளை மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுக்கும். தலையில் அடி என்று மட்டும் எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தசை கெட்டுவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை தேவைப்படும் நிலை இது.

விலங்குக் கடியிலும் கீறலிலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, காயத்தில் போடும் எதிர்ப்புரத ஊசி, டெட்டனஸ் ஊசி ஆகியவை அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலேயே தொடங்க வேண்டியவை. காப்பித்தூள், மஞ்சள், பச்சிலை எதையும் அப்பக்கூடாது. ஏற்கெனவே அப்பியிருந்தால் மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

உதட்டுப் பிளவுக்குப் பொதுவாகக் குழந்தைக்கு 10 வாரம் ஆகி, எடை சுமார் 4.5 கிலோவும் ஹீமோகுளோபின் 10 கிராமும் எட்டிய பின் அறுவை செய்வது வழக்கம். அண்ணப் பிளவைப் பேச்சு வளர்வதற்கு முன், பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் மூடுகிறார்கள். ஈறு எலும்பில் பிளவு இருந்தால் கோரைப்பல் முளைக்கும் முன், சுமார் 8 முதல் 11 வயதில் எலும்பு ஒட்டு வைக்கப்படும். ஆகவே இதற்கான ஆலோசனை ஒரு தடவையோடு முடிவதில்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

முதல் சிகிச்சைச் சீட்டு, விடுவிப்புச் சுருக்கம், பழைய படங்கள், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவை அடிப்படை. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துச் செல்லலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

பலரும் மறப்பது பழைய புகைப்படம். விபத்துக்கு முந்தைய மூக்கு எப்படி இருந்தது, முன்பே கோணலா என்பதை ஸ்கேன் சொல்லாது. கல்யாணப் படமோ திருவிழாவில் எடுத்த கைப்பேசிப் படமோ சொல்லும். நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் இருந்தால் நல்லது. உடைந்து விழுந்த பல், கழற்றிய பல் செட் ஆகியவற்றையும் கொண்டுபோக வேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பு எப்படிப் பொருந்தின என்பதே தாடையை நேராக்கும் மருத்துவருக்கு அளவுகோல்.

பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலைப் பழக்கத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகை ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தோல் ஒட்டும் எலும்பு ஒட்டும் பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

படப் பரிசோதனைகள்

ஓ.பி.ஜி. என்பது இரு தாடைகளையும் பற்களையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் எக்ஸ்ரே. செலவு குறைவு, கதிரளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட். கீழ்த்தாடை முறிவுக்கும் பல் சார்ந்த கட்டிக்கும் முதலில் எடுப்பது இதுதான்.

சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது. இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். முக எலும்புகளுக்கு இன்று இதுவே முதன்மைச் சோதனை. கதிரளவு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிசீவர்ட் வரை. இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பது தவறு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு. கூம்புக்கதிர் சி.டி. பற்களையும் தாடையையும் குறைந்த கதிரில் நுணுக்கமாகக் காட்டும். தசை, கட்டி போன்ற மென்பகுதிகளுக்குப் போதாது. அவற்றுக்கு எம்.ஆர்.ஐ. தேவை.

சமவெளி ஸ்கேன் மையத்தில் படம் எடுத்துக்கொள்பவர் கேட்டு வாங்க வேண்டியது, டைகாம் என்னும் மருத்துவப் பட வடிவக் கோப்புகள் அடங்கிய குறுந்தகடு. பிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில வெட்டுகள் மட்டுமே. குறுந்தகடு இருந்தால் மருத்துவர் எல்லா வெட்டுகளையும் திருப்பிப் பார்க்கலாம். முப்பரிமாண உருவம் செய்யலாம். மண்டையோட்டு மாதிரியை அச்சிடலாம். இதற்கு வெட்டுகளின் தடிமன் 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த தலை ஸ்கேனில் மெல்லிய கண்குழித் தளத்தின் முறிவு தவறிவிடலாம். பிறகு மறுபடி எடுக்க நேரும்.

மூக்குத்தி, கம்மல், பல் செட், முடி ஊசி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். உலோகம் படத்தில் கீற்றுகளை எழுப்பி அருகிலுள்ள எலும்பை மறைத்துவிடும். பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகு இறுகியிருக்கும். ஊரிலேயே கழற்றிக்கொண்டு வருவது நல்லது. சாய மருந்து செலுத்தும் ஸ்கேனுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்ப்பார்கள். முந்தைய ஒவ்வாமையைச் சொல்வது கட்டாயம்.

உள்வைப்புப் பொருள்கள்

பேச்சு வழக்கில் எல்லாமே பிளேட் அல்லது கம்பி. உண்மையில் பொருள்கள் பல.

டைட்டானியம்: எலும்பு முறிவுக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது. இது காந்தத்தால் ஈர்க்கப்படாது, துருப்பிடிக்காது, எலும்போடு ஒன்றிப்போகும். இந்த ஒன்றிப்போதலை 1950களில் கண்டறிந்த சுவீடனின் பிரோனேமார்க், 1965இல் முதல் நோயாளிக்குப் பல் உள்வைப்பு பொருத்தினார். தாடைத் தகட்டில் 2.0 என்று சொல்வது திருகாணியின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். தொந்தரவு இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு இதை எடுக்க வேண்டியதில்லை. கண்குழித் தளத்துக்கு வலை வடிவிலும் வருகிறது.

கரையும் தகடுகள்: பாலிலாக்டிக் அமில வகைப் பொருள்கள். எலும்பு கூடிய பின் மெல்லக் கரைவதால், வளரும் பிள்ளைகளுக்குப் பொருத்தமானவை. விலை அதிகம், உறுதி டைட்டானியத்தை விடக் குறைவு.

நுண்துளைப் பாலிஎத்திலீன், சிலிக்கோன்: முன்னதன் துளைகளில் திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும், அதனால் எடுப்பது கடினம். சிலிக்கோனைச் சுற்றி உறை உருவாகும். எடுப்பது எளிது, நகரும் வாய்ப்பும் உண்டு.

அக்ரிலிக், பீக்: மண்டையோட்டுக் குறைகளை மூட உதவுபவை. பல் செட்டிலும் இடம்பெறும் அக்ரிலிக் மலிவானது. பீக் என்னும் பிளாஸ்டிக் வகையை நோயாளியின் சி.டி. அளவுக்கேற்பக் கணினியில் வடிவமைத்துச் செய்யலாம்.

தங்கம்: முகவாதத்தாலோ தொழுநோயாலோ மூடாமற்போன கண்ணிமையில், சுமார் 1 கிராம் எடையுள்ள சிறு தகட்டைத் தோலுக்கு அடியில் வைப்பதுண்டு. அதன் எடையால் இமை கீழிறங்கும், கருவிழி காப்பாற்றப்படும்.

சொந்த உடலின் எலும்பும் குருத்தெலும்பும்: இடுப்பெலும்பு, விலா, காதுக் குருத்தெலும்பு, மண்டையோட்டின் வெளிப்படலம், புற்றுக்காகத் தாடையை அகற்றியவர்களுக்குக் கீழ்க்காலின் சிறு எலும்பு ஆகியவை. அந்நியப் பொருள் இல்லாததால் தொற்று அபாயம் குறைவு. எடுத்த இடத்திலும் காயம், வலி உண்டு. மலையில் ஏறி இறங்கி உழைப்பவர், இடுப்பிலோ காலிலோ எலும்பு எடுத்தபின் எப்போது சுமை தூக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு பரவிய கருப்புப் பூஞ்சை நோயில் பலர் மேல்தாடையை இழந்தார்கள். தமிழ்நாடு அவ்வாண்டு மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மேல்தாடையில் எலும்பே இல்லாத இத்தகையோருக்குக் கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட உள்வைப்புகள் பயன்படுகின்றன.

ஆலோசனை அறையில் கேட்க வேண்டியவை

அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்தப் பொருள் வைக்கப்படும், மலிவான மாற்று உண்டா, தழும்பு எங்கே வரும், உதடோ கன்னமோ மரத்துப்போகுமா, வாயைக் கம்பியால் கட்டுவார்களா, எத்தனை வாரம் கஞ்சி ஆகாரம், தையல் பிரிப்பதை ஊர் அருகிலேயே செய்யலாமா ஆகியவை அடிப்படைக் கேள்விகள். வாய் கட்டப்பட்டவர் மலைக்குத் திரும்பினால் வாந்தியோ மூச்சடைப்போ வரும்போது கம்பியை வெட்ட வேண்டியிருக்கும். அதற்கான கருவியையும் வெட்டும் இடத்தையும் துணைக்கு வந்தவருக்குக் காட்டித்தரச் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டக் கேட்பது நோயாளியின் உரிமை.

செலவும் திட்டங்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு உதவுகிறது. அழகுக்காக மட்டும் செய்யும் அறுவை இதில் சேராது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவைக் கண்டறிந்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. நோயாளி விரும்பும் பொருள் திட்டத்தின் தொகைக்குள் அடங்குமா என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும் முன் காப்பீட்டு அலுவலரிடம் கேட்க வேண்டும்.

காக்க வேண்டிய பதிவுகள்

உள்வைப்புப் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டில் பொருளின் பெயர், தயாரிப்பு நிறுவனம், தொகுதி எண் ஆகியவை இருக்கும். அதன் நகல் ஒன்றை விடுவிப்புச் சுருக்கத்தோடு கேட்டு வாங்கலாம். பத்தாண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கவோ தகட்டை அகற்றவோ நேர்ந்தால், எந்த மருத்துவமனையிலும் முதலில் கேட்கப்படும் விவரம் இதுவே. ஒட்டுச்சீட்டு, விடுவிப்புச் சுருக்கம், ஸ்கேன் குறுந்தகடு மூன்றையும் மழையில் நனையாத உறையில் போட்டு, குடும்ப அட்டை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.