கல்வராயன் மலை: ஜாகீர்கள் கைமாறிய வரலாறு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் இம்மலை சேலம் மாவட்டத்துக்குள்ளும் பரந்து கிடக்கிறது. வடக்கே தாழ்ந்திருப்பது சின்னக் கல்வராயன். சராசரி உயரம் ஏறத்தாழ 2,700 அடி. தெற்கே உள்ள பெரிய கல்வராயன் 4,000 அடி வரை உயர்கிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்லும் இவர்களின் தாய்மொழி தமிழ்.

விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் மலையைத் தலைவர்களுக்கு அளித்தார் என்பது வழிவழிச் செய்தி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்கள் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தன. நிலத்தின் மீது உரிமை ஜாகீர்தாருக்கு, உழைப்பு குடிகளுக்கு. ஏர் ஓட்ட முடிந்த சமதரை உழவுக்காடு எனப்பட்டது. ஏர் ஏறாத சரிவைக் கொத்திப் பண்படுத்தினால் அது கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்தன. கடுக்காய், புளி, தேன் ஆகியவை காட்டிலிருந்து வந்தன. விளைச்சலில் வரி கொடுத்ததோடு, ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும் குடிகள் கடமைப்பட்டிருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலையைச் சுற்றியுள்ள சமவெளி ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. திப்பு சுல்தானுடன் 1792-இல் செய்த உடன்படிக்கையால் சேலமும், ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1801-இல் தென் ஆர்க்காடும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தன. புதிய உடைமையாளர் யாரை வைத்துக்கொள்வார், யாரை நீக்குவார் என்பதே அன்றைய பாளையங்கள் அனைத்துக்கும் எதிர்நின்ற கேள்வி. எதிர்த்த பாளையங்கள் பறிபோயின. பணிந்தவற்றில் பல 1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் ஜமீன்களாயின. கல்வராயனில் தலைவர்கள் இருந்தபடியே இருந்தனர். மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன, பாதையில்லாத மலை அது. 1858-இல் கம்பெனி ஆட்சி போய் அரசியின் ஆட்சி வந்தபோதும் குடிகளின் நிலை மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் அதே கேள்வி எழுந்தது. சென்னை மாகாணத்தின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948-இல் ஜமீன்களை, உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. இனாம் எஸ்டேட்டுகளுக்கான சட்டம் 1963-இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் மலையில் ஜாகீர்தாரின் சொல்லே செல்லுபடியானது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜூன் 25 அன்று, அரசு ஜாகீர்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

ஜாகீர்தாரிடமிருந்து நிலம் அரசிடம் வந்தது. பயிரிட்டவரிடம் தானாக வந்துவிடவில்லை. காப்புக்காடு என்று எல்லை வகுக்கப்பட்ட இடங்களில் தலைமுறைகளாக நடந்த பயிர்த்தொழில் ஆக்கிரமிப்பாகக் கருதப்பட்டது. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடனும் எட்டாது, வெளியேற்றத்தைத் தடுக்கும் ஆதாரமும் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே வன நிலத்தில் பயிரிட்டு வந்த பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. தமிழ்நாட்டிலோ, 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது தடைபட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016-இல். எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

நிர்வாக எல்லைகளும் மாறிவந்தன. தென் ஆர்க்காட்டிலிருந்து 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. வெள்ளிமலை இன்று மலைப்பகுதியின் நிர்வாக மையம். கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளைத் தொடர்ந்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, மலைமக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகள் அதில் விசாரணைக்கு வந்தன. அரசர், நவாபு, கம்பெனி, ஜாகீர்தார், அரசு என உடைமை ஒவ்வொரு முறை கைமாறியபோதும் அடுத்து யாருக்கு என்ற பேச்சு மேலிடத்திலேயே முடிந்தது. நிலத்தைக் கொத்தியவரைக் கேட்டு முடிவெடுக்கும் முறை கிராம சபையின் வழியே சட்டத்தில் இடம்பெற்றது 2006-இல்தான். அந்த முறையை முழுமையாக நடைமுறைப்படுத்துவதே மலைமக்களுக்கு அரசு செலுத்த வேண்டிய பழைய கடன்.