களஞ்சியமும் அடுப்பும்

செஞ்சிக்கு வருவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பவை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை வளைத்தோடும் மதிலுமே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. கல்யாண மகாலை வியந்து நிற்போர், ராஜகிரியின் அடிவாரத்திலுள்ள நெற்களஞ்சியத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட அக்கட்டடமோ, பீரங்கியைக் காட்டிலும் தெளிவாகக் கோட்டையின் கதையைச் சொல்கிறது.

கோட்டைப் போர் என்பது பெரும்பாலும் சோற்றுப் போரே. 1690-இல் சுல்பிகர் கானின் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மைந்தர் ராஜாராம் இருந்தார். 1692-இன் இறுதியில் சந்தாஜி, தனாஜி என்னும் மராத்தியத் தளபதிகள் தானியம் வரும் வழிகளை அடைத்தபோது, முற்றுகையிட்டவர்களே பட்டினிக்கு ஆளாகி, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. இரு தரப்பினரும் தத்தம் வீரருக்காக நெல்லை எண்ணிக்கொண்டிருந்த அந்த எட்டாண்டுகளில், மதிலுக்கு வெளியே வாழ்ந்த உழவன் எதை உண்டான்? களஞ்சியம் அவனுக்காகக் கட்டப்பட்டதன்று.

1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு ஆர்க்காட்டு நாட்டைப் பாழாக்கியது. அவ்வாண்டே செஞ்சியும் அவர் கைக்குப் போயிற்று. வீடிழந்து, விளைநிலம் இழந்த மக்கள் சென்னையை நோக்கி நடந்தனர். பஞ்சத்தில் வாடிய அவர்களுக்காக 1782-இல் அந்நகரின் வடபகுதியில் ஒரு கஞ்சித்தொட்டி தோன்றியது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்ற அவ்விடத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. சென்னையின் முதியோர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்து வந்தனர். ஆளுநரின் பெயரைச் சூட்டிய பின்னும் மக்கள் நினைவில் நிலைத்தது கஞ்சியே.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் வேறொரு பாடம் தந்தது. 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என விதித்தார். இது உயிர் தாங்கப் போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்ட பிறகே, சில திங்களில் அளவு உயர்த்தப்பட்டது. உணவு அங்கே தராசில் இருந்தது. தராசின் மறுதட்டில் அரசின் செலவுக் கணக்கு இருந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, இதே தென்னார்க்காட்டு மண்ணில், அளக்காத ஓர் அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. 1867 மே 23 அன்று வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதி, சமயம் கேளாது பசித்தோர்க்குச் சோறிடும் அந்த அடுப்பின் தீ இன்றளவும் அணையவில்லை.

நம் திருச்சபையின் தொன்மை வரலாற்றிலும் இத்தகைய அடுப்பு உண்டு. ஏறத்தாழ கி.பி. 369-இல், இன்றைய துருக்கியிலுள்ள செசரியா நகரைப் பஞ்சம் வாட்டியபோது, புனித பெரிய பசிலியார் செல்வர்களின் களஞ்சியங்களைச் சொல்லாலேயே திறக்கச் செய்தார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையைப் பற்றி அவர் ஆற்றிய மறையுரை புகழ்பெற்றது. அவர் பசித்தோரை ஓரிடத்தில் கூட்டி, பருப்புக் கஞ்சி நிறைந்த கொப்பரைகளைக் கொணரச் செய்து, தாமே பரிமாறியதை நண்பர் நசியான்சு கிரகோரியார் பதிவுசெய்துள்ளார்.

சமைத்த உணவு ஏன் இவ்வளவு முதன்மை பெறுகிறது? வீடற்றவருக்கு அரிசி உணவாகாது. அவருக்குப் பானையில்லை; விறகில்லை; அடுப்பு மூட்ட மூன்று கல் வைக்கும் இடமும் உறுதியில்லை. குடும்ப அட்டை முகவரி கேட்கிறது. அவரிடம் முகவரி ஏது? நம் ஊர்களின் பேருந்து நிலையத்திலும், அடைத்த கடைகளின் வாசலிலும் இரவைக் கழிப்போர் இழந்தது கூரையை மட்டுமன்று. தமக்கென உலை வைக்கும் ஓர் அடுப்பையும் இழந்தனர். ஆதலால் அவருக்கு நாம் தரத்தக்கது நம் அடுப்பின் பங்கே.

அப்பங்கு எஞ்சிய உணவாக இருத்தல் ஆகாது. உலை வைக்கும்போதே அவருக்கென ஒரு பிடி அரிசி சேரட்டும். பல்லிழந்த முதியவரெனில் சோறு சற்றுக் குழையட்டும். வீட்டார் உண்ணும் குழம்பே அவர் இலைக்கும் செல்லட்டும். திருநாளில் மட்டும் பொட்டலம் வழங்கி, மறுநாள் மறந்துவிடுவதால் பசி தீராது. ஒரு தெருவில் ஏழு வீடுகள் ஆளுக்கு ஒரு நாளை ஏற்றால், ஒருவர் வாரம் முழுதும் உண்பார். உணவைக் கொடுக்கும்போது அவர் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயர் சொல்லி அழைப்பதும் நம் கடமை. பெயர் தெரியும்வரை அவர் பிச்சைக்காரர், தெரிந்தபின் அயலார்.

இறுதித் தீர்ப்பைப் பற்றி ஆண்டவர் உரைத்தவற்றுள் முதலிடம் பெறுவது பசியே. செஞ்சியின் களஞ்சியம் இன்று வெறுமையாகக் கிடக்கிறது. அதில் சேர்த்தோரும் இல்லை, முற்றுகையிட்டோரும் இல்லை. வடலூர் அடுப்போ எரிகிறது. நம் வீட்டு அடுப்பு இவ்விரண்டனுள் எதன் வழியில் செல்லும் என்பதை, நாளைக் காலை உலை வைக்கும் கைகளே முடிவு செய்யும்.