சைக்கிளை இறங்கித் தள்ளுவது கேவலமா? - ஒரு கியரின் கதை

எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், படித்தால் அடிக்க வருவான். போன செமஸ்டர் லீவில் செகண்ட் ஹேண்டில் ஒரு சைக்கிள் வாங்கினான். ஒல்லி டயர், கியர் கிடையாது, பார்க்க ஜம்மென்று இருக்கும். முன்னால் 48 பல், பின்னால் 16 பல். காலேஜுக்கு வரும் வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. முதல் வாரமே பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். அதே பாலத்தில் அப்பா காலத்து சைக்கிளில் வரும் நான், சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாவது ஏறிவிடுவேன். அப்புறம் என்ன, ஒரு மாதத்துக்குக் கேண்டீனில் அவன்தான் எங்களுக்கு டைம்பாஸ். "சோறு திங்கிறியா இல்லியாடா?" என்று கேட்காத ஆளில்லை. நானும் கேட்டேன்.

அவன் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டான். "உன் சைக்கிள்ல எத்தனை பல்லுடா?"

தெரியவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனதில் சிக்கியதுதான் கீழே வரும் கதை. படித்து முடித்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியதாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கால் நீளம்தான் கியர்

செயின் இல்லாத சைக்கிளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். 1870களில் இங்கிலாந்தில் ஓடியது, முன்சக்கரம் ஆளுயரத்துக்கும் பின்சக்கரம் குட்டியாகவும் இருக்குமே, அந்த சைக்கிள். கவென்ட்ரி நகரத்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி இந்த வகையைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர். பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ஒரு மிதி சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகமாகப் போக வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்கு. வேறு வழியே கிடையாது.

ஆனால் எவ்வளவு பெரிதாக்கலாம்? கால் எட்டும் வரைதான். 60 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 4.8 மீட்டர் போகும். 50 அங்குலம் என்றால் 4 மீட்டர். இருவரும் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் நெட்டையானவர் மணிக்கு 20 கிலோமீட்டர், குட்டையானவர் 17-க்கும் குறைவு. பலம், பயிற்சி எல்லாம் அப்புறம். அம்மா அப்பா கொடுத்த கால் நீளம் முதலில் முடிவு செய்துவிட்டது. நீளப் பாவாடை கட்டிய அந்தக் காலத்துப் பெண்களுக்கு அந்த உயரத்தில் ஏறி உட்காரவே வழியில்லை என்பது தனிக்கதை.

1885-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் அண்ணன்-தம்பி மகன் உறவான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஒரே அளவுச் சக்கரங்கள், பெடல் நடுவில், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் நேரடித் தாத்தா இதுதான். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரை சுற்றும் சுற்றும், மூன்றும் சுற்றும். கால் நீளத்துக்கும் வேகத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். பெரிய சக்கரத்தில் பழகிய ஆட்களுக்குப் பல் கணக்கு புரியாது, அங்குலக் கணக்குதான் புரியும். அதனால் "இந்தப் புது சைக்கிள் எத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமம்?" என்றே கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்சக்கர விட்டத்தை முன்பல்லால் பெருக்கி, பின்பல்லால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் சைக்கிள்: 28 × 44 ÷ 18 = 68 அங்குலம். நண்பனுடையது: 27 × 48 ÷ 16 = 81 அங்குலம்.

அதாவது நான் 68 அங்குலச் சக்கரத்தை மிதிக்கிறேன், அவன் 81 அங்குலச் சக்கரத்தை மிதிக்கிறான். அதே மேட்டில் ஏற அவன் காலில் என்னைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். நான் பலசாலி இல்லை. எனக்குக் கிடைத்த பின்பல்சக்கரத்தில் இரண்டு பல் அதிகம், முன்னால் நாலு பல் குறைவு. அவ்வளவே!

நிற்காத பெடல்

அந்த ரோவர் காலத்து சைக்கிள்களில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். இறக்கத்தில் பெடல் காலைத் தூக்கி எறியும் என்பதால், காலை எடுத்து வைத்துக்கொள்ள முன் ஃபோர்க்கிலேயே சின்னதாகப் படி வைத்திருந்தார்கள். 1890களின் கடைசியில்தான் பிரீவீல் பரவலானது. இன்று நகரங்களில் பேஷனாகத் திரும்பி வந்திருக்கும் 'ஃபிக்ஸ்டு கியர்' என்பது பிரீவீல் இல்லாத அந்தப் பழைய ஏற்பாடுதான். பிரீவீல் இருந்து, ஒரே கியர் என்றால் அது 'சிங்கிள் ஸ்பீடு'.

ஃபிக்ஸ்டில் பல்லைத் தேர்வு செய்வது இரட்டைத் தலைவலி. சின்ன கியர் போட்டால் மேடு சுலபம், ஆனால் இறக்கத்தில் கால் பம்பரம். 68 அங்குலத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் போனால் கால் நிமிடத்துக்கு 122 முறை சுற்ற வேண்டும். பெரிய கியர் போட்டால் இறக்கம் சுலபம், மேட்டில் முட்டி கழன்றுவிடும். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே விட்டுக்கொடுத்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

கதையின் முக்கியமான கட்டம் பிரான்ஸில் நடக்கிறது. ஒருவர் போல் தெ விவி. செயின்ட் எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் பார்த்துவிட்டு சைக்கிள் பக்கம் வந்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். அவர் ஊரை ஒட்டியே 1161 மீட்டர் உயரக் கணவாய் ஒன்று உண்டு. தினமும் மலையைப் பார்ப்பவருக்கு ஒரே கியர் போதாது என்று புரியாமல் இருக்குமா? முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்து, செயினைக் கையால் தூக்கி மாற்றிப் பார்த்ததில் தொடங்கி, ஆயுள் முழுக்கப் பல கியர் சைக்கிளுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். அவர் கட்சி ரொம்ப எளிமை: ரோடு மாறும்போது கால் ஏன் மாறவேண்டும், கியர் மாறட்டும்.

இன்னொருவர் ஆன்றி தெக்ராஞ்ச். 1893-இல் பாரிஸ் வட்டப்பாதையில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் அதிகாரப்பூர்வ சாதனையைப் படைத்தவர். 1903-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் இவரே. பழகியது மேடு பள்ளமில்லாத வட்டப்பாதை. அங்கே ஒரே கியர்தான் ராஜா. எடை குறைவு, செயின் நேர்கோட்டில் ஓடும், கெட்டுப்போக ஒன்றுமில்லை.

1902-இல் பிரான்ஸின் டூரிங் கிளப் மலைப்பாதையில் ஒரு சோதனை நடத்தியது. அதில் மார்த் எஸ் என்ற பெண்மணி மூன்று கியர் சைக்கிளில் ஓட்டி, ஒற்றைக் கியரில் வந்த எதுவார் ஃபிஷர் என்ற பந்தய வீரரை முந்தினார். இதற்கு தெக்ராஞ்ச் என்ன சொன்னார் தெரியுமா? கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு, தசை பலத்தில் ஜெயிப்பதுதான் பெருமை என்று எழுதினார். எங்கள் கேண்டீன் கமென்ட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை பாருங்கள் :-)

கேண்டீன் கமென்ட்டால் அவமானம் மட்டும்தான். தெக்ராஞ்ச் கையில் பந்தய விதிப்புத்தகம் இருந்தது.

1910 ஜூலையில் பந்தயத்தை அவர் நடத்திய பத்திரிகை பிரனீஸ் மலைக்குக் கொண்டுபோனது. லுஷோனில் இருந்து பயோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர், வழியில் 2115 மீட்டர் உயர தூர்மாலே கணவாய். தூர்மாலே உச்சியை முதலில் கடந்தவர் ஒக்தாவ் லப்பீஸ். அவர் அந்த மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் புகைப்படம் இன்றும் பிரபலம். குஸ்தாவ் கரிகூ என்பவர் மட்டும் காலைக் கீழே ஊன்றாமல் முழு மேட்டையும் மிதித்தே ஏறினார். அதற்காக 100 பிராங்க் பரிசும் வாங்கினார். அந்த ஆண்டு டூரை ஜெயித்தது யார்? தள்ளிக்கொண்டு நடந்த லப்பீஸ்!

அதன் பிறகும் முன்னணி வீரர்களுக்கு ஓடும்போதே கியர் மாற்றும் 'டிரெய்லர்' கிடைக்கவில்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். மேடு வந்தால் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டி, செயினை இழுத்து வைத்து மறுபடி ஏற வேண்டும். பனியிலும் மழையிலும் இதே கதைதான். 1927-இல் இத்தாலியில் ஒரு பந்தயத்தில் விரல் விறைத்துப்போய் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்த துல்லியோ காம்பஞோலோ, ஒரே இழுப்பில் சக்கரம் கழலும் லீவரை அதனால்தான் யோசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

தெக்ராஞ்ச் 1936-இல் உடல்நலம் சரியில்லாமல் பொறுப்பை விட்டார். அடுத்த ஆண்டே, 1937-இல், டிரெய்லருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ரொழே லப்பேபி டிரெய்லரோடு ஜெயித்தார். வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930-இலேயே டிராம் மோதி இறந்துபோயிருந்தார்.

சராசரி என்ற பொறி

பந்தயம் ஒருபக்கம் இருக்க, சாதாரண ஜனங்களுக்கு இங்கிலாந்தில் 1902-லேயே ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் வந்துவிட்டது. ஆனாலும் விலை குறைந்த சைக்கிள் என்றால் ஒற்றைக் கியர்தான். நம்மூர் 'ரோட்ஸ்டர்' சைக்கிளும் அந்த இங்கிலாந்து வம்சம்தான். காமர்ஸ் படிக்கிறவனாக எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாகம் குறைந்தால் செலவு குறையும், ரிப்பேர் குறையும். ஆனால் ஒரே அளவை எல்லோருக்கும் வைத்தால் அது சராசரி ஆளுக்கு, சராசரி ரோட்டுக்கு வைத்த அளவாகத்தான் இருக்கும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் எல்லோரும் கேட்ட கதைதான். சராசரி ஆழம் நாலடி என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கினான். ஒற்றைக் கியரும் அப்படியே. உங்கள் வழியின் சராசரியைப் பார்க்கக் கூடாது, மோசமான இடத்தைப் பார்க்க வேண்டும். சிட்டியில் மோசமான இடம் மேம்பாலம் மட்டுமல்ல. ஒவ்வொரு சிக்னலும் ஒரு குட்டி தூர்மாலே. நின்ற சைக்கிளைப் பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கு முன்னால் கிளப்ப வேண்டும். வேகம் எவ்வளவு போகும் என்பதைவிட, கிளம்ப எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஒற்றைக் கியர் வாங்க நினைப்பவர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியது:

சமதள ஊருக்கு 65 முதல் 70 அங்குலம் நல்ல தொடக்கம். மேடு அதிகம் என்றால் அதற்கும் கீழே வாருங்கள். மாற்றுவதாக இருந்தால் பின்பல்லை மாற்றுங்கள். என் சைக்கிளில் பின்னால் ஒரு பல் கூட்டினால் 68-இல் இருந்து 65 ஆகிறது. முன்னால் ஒரு பல் குறைத்தால் 67-தான் ஆகிறது. ஃபிக்ஸ்டு ஓட்டுபவர்கள் பின்சக்கரத்தைக் காலால் பூட்டி வழுக்கி நிறுத்துவது உண்டு. அவர்கள் 48/16 போன்ற சுத்தமாக வகுபடும் ஜோடியைத் தவிர்க்கலாம். எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்து நிறுத்தினால் டயரின் ஒரே இடம்தான் தேயும். 48/17 என்றால் 17 இடங்களில் பரவும். எதுவானாலும் கைபிரேக் ஒன்று இருக்கட்டும், முட்டியை நம்பி சிட்டியில் இறங்காதீர்கள்.

நண்பன் கடையில் சொல்லி 16-ஐக் கழற்றிவிட்டு 20 பல் பிரீவீல் மாட்டினான். 27 × 48 ÷ 20 = 65 அங்குலம். காலில் அழுத்தும் பாரம் சரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இப்போது உட்கார்ந்தபடியே பாலம் ஏறுகிறான். கேண்டீனில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு டீ சொல்லு, போதும்" என்றான். டீயோடு பப்ஸும் என் கணக்கில் எழுதிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேற்று அதே பாலத்தில் ஒருவர் கேரியரில் இருபக்கமும் இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் போகும்போது எண்ணிப் பார்த்தேன். பின்னால் 18 பல். அந்தப் பாரத்துக்கும் அந்த மேட்டுக்கும் அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, சைக்கிளோடு வந்தது. நானும் இறங்கி, உச்சி வரைக்கும் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தேன்.