ரெகுலரா, கரஸ்ஸா?

என் அத்தை தன் பி.ஏ. சான்றிதழை ஒரு தனியார் பள்ளித் தாளாளரின் மேசைமேல் வைத்தபோது அவர் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லையாம். "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று மட்டும் கேட்டாராம். "கரஸ்தாங்க." "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்." முப்பது வருடமாகிறது. "இன்னும் ஆள் வந்து சேரல, பஸ் கெடைக்கல போல" என்று சொல்லி அத்தை சிரிப்பாள்.

கரஸ் என்றால் கரஸ்பாண்டன்ஸ். அஞ்சல்வழிக் கல்வி. இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். ஆனால் கேள்வி சாகவில்லை. என் அண்ணன் மகள் தஞ்சாவூரில் ஒரு நகைக்கடன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஆன்லைனில் எம்.காம். படிக்கிறாள். உறவுக்காரர்கள் விசாரிக்கும்போது "ஓ... ஆன்லைனா" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பும் தாளாளரின் கேள்வியும் ஒரே குடும்பம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய் 1857 வரை போய்விட்டேன்.

அந்த வருடம்தான் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும் அதே வருடம். மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவானவை. அந்த மாதிரியில் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. பாடத்திட்டம் போடும், தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். படிப்பெல்லாம் அங்கங்கே உள்ள கல்லூரிகளின் பாடு. லண்டன் 1858இல் இன்னும் ஒரு படி போய், உலகத்தில் எங்கிருந்தும் யாரும் வந்து தேர்வெழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இங்கே பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் நடத்தலாம் என்று வழி திறந்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, முதல் அரை நூற்றாண்டு சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பெரிய தேர்வு அலுவலகம். ரெகுலர் என்று நாம் இன்று கும்பிடுகிற பட்டத்தின் பிறப்பு அப்படி.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கே வட்டுக்கோட்டை செமினரியில் படித்து வளர்ந்தவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சேர்த்த படிப்புக்கு இந்தப் பக்கம் பட்டம் வாங்கினார்கள். "ரெகுலரா?" என்று அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

தாமோதரம்பிள்ளை பின்னால் வக்கீலாகி, 1880களில் நம் கும்பகோணத்துக்கு வந்தார். அப்போது காவிரிக்கரையில் இருந்த கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துப் பிள்ளை. ஒரு பட்டமும் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையோடு மாயூரம், திருவாவடுதுறை என்று கூடவே இருந்து, ஏடு எழுதிக்கொடுத்து, கேட்டுக்கேட்டுப் படித்தவர். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது தன் இடத்துக்கு அவரைக் கைகாட்டினார். கல்லூரிக்காரர்கள் பாடம் சொல்லச் செய்து பார்த்துவிட்டு மாதம் 50 ரூபாயில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஊரில், பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி கோர்ட்டுக்குப் போகிறார். பட்டமே இல்லாதவர் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார். இருவரும் ஒரே பழைய ஏடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கத் தாமோதரம்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதும், உ.வே.சா. கொடுக்க மனமில்லாமல் தவித்ததும் 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. 1887இல் ஒருவர் கலித்தொகையை அச்சிட்டார், இன்னொருவர் சிந்தாமணியை அச்சிட்டார். இன்று அந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து, எது ரெகுலர் எது கரஸ் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

அதே 1887 டிசம்பரில்தான் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. இவர் கதையை எல்லாரும் "மேதை, ஆனா கணக்கு தவிர எல்லாத்துலயும் ஃபெயில்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த ஃபெயிலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவர் அப்பா ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர். வருமானம் போதாது. அதனால் அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். பள்ளிக்கூடத்துப் பையனான ராமானுஜன் அவர்களிடமிருந்து கணக்குக் கற்றுக்கொண்டார். சீக்கிரமே அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனது. பதினைந்து பதினாறு வயதில் ஜி.எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பு கைக்கு வந்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கார் பெரிய கணித மேதை இல்லை. லண்டனில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த டியூஷன் வாத்தியார். ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கி, நிரூபணத்தைக் குறிப்பாக மட்டும் காட்டியிருப்பார். நம் பாஷையில் கைடு! காவிரிக்கரையில் ஒரு பையன் அந்தக் கைடைத் திறந்து, விட்டுப்போன நிரூபணங்களையெல்லாம் தானே போட ஆரம்பித்தான்.

1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கல்லூரிக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். எஃப்.ஏ.வில் கணக்கு மட்டும் போதாது. ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோம வரலாறு, உடலியல், எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் போனால் மொத்தமும் போச்சு. ஆங்கிலத்தில் போனது, உதவித்தொகை போனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் கல்லூரி எதையும் சேராமல், பிரைவேட்டாக, தனித்தேர்வராக எழுதினார். மறுபடியும் ஃபெயில்.

அந்த 1907 டிசம்பரை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. இருபது வயது. மூன்று வருடம் போயாச்சு. கல்லூரி இல்லை, உதவித்தொகை இல்லை, கேள்வித்தாள் மட்டும் இருக்கிறது. மனித ஜீரண உறுப்புகளைப் பற்றி எழுதச் சொல்கிறது. தோற்றுப்போய் வீடு திரும்புகிற பிள்ளைக்குத் தெருவில் எல்லாரையும் தெரியும். டெல்டா ஊர்களில் பெயர்ப்பலகையில் "பி.ஏ. (ஃபெயில்)" என்று போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று நக்கலாகச் சொல்வோம். அதில் நக்கலுக்கு ஒன்றுமில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது இரண்டு மூன்று வருடப் படிப்பு. அதைக் கணக்கில் வைக்கப் பல்கலைக்கழகத்திடம் இடமில்லை, பெயர்ப்பலகையில் இருந்தது.

1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது, தனக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். "ரெகுலரா?" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே பதில். அந்த வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. கொடுத்தது. ஜீரண உறுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தத் தளர்வு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. வாங்கியவர் அரசுப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் ராமானுஜனின் சிலைக்கு மாலை போடுகிற ஊரில் அந்தத் தீர்ப்பைப் படிப்பது ஒரு மாதிரி இருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ரொம்ப காலம் ஒன்றும் செய்யவில்லை. தஞ்சாவூரில் சரபோஜி கல்லூரி 1955இல் வந்தது, பூண்டியில் புஷ்பம் கல்லூரி 1956இல், பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் கல்லூரி 1966இல். கல்லூரி வந்தது, ஆனால் கடைசி பஸ் ஆறரைக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 1979இல் டெல்டாவின் வடகோடியில், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் எங்கள் ஊர்த் தபால்காரர் சைக்கிளில் பழுப்புக் காகிதக் கட்டுகள் வர ஆரம்பித்தன. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது இருந்த ஏற்பாடேதான் இது: தேர்வு தூரத்து ஊரில், படிப்பு அவரவர் பாடு. ஆனால் இந்தமுறை அதற்குப் பெயர் இரண்டாந்தரம்.

அத்தைக்கு பிளஸ் டூ முடித்த வருடமே கல்யாணம். திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். இரண்டு பிள்ளை பிறந்த பிறகு கரஸ்ஸில் பி.ஏ. தமிழ். தேர்வு மே மாதம். சித்திரையில் உளுந்து பறித்து, அடித்து, தூற்றி முடித்த கையோடு பஸ் ஏற வேண்டும். மாமாவுக்குத் தடையும் இல்லை, உதவியும் இல்லை. "படிச்சு என்னத்த கிழிக்கப்போற" என்று மாமியார் ஒருமுறை கேட்டாராம். "கிழிக்காமதான் அத்தே வச்சிருக்கேன், எல்லாப் புஸ்தகமும் அட்டை போட்டு" என்று இவள் சொன்னாளாம். சொன்னாளா, பிற்பாடு சேர்த்துக்கொண்டாளா, தெரியாது.

கஷ்டம் வேலையில் இல்லை என்பாள். "சந்தேகம் வந்தா கேக்க ஆள் இல்லடா. அதான்." கல்லூரியின் விஷயமே அங்குதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். ராமானுஜனுக்குக் கும்பகோணம் கொடுத்தது வகுப்பறையை அல்ல. வகுப்பறை அவரை வெளியேதான் தள்ளியது. கொடுத்தது திண்ணையில் உட்கார்ந்து படித்த அந்த வாடகைப் பிள்ளைகளை, அவர்கள் கொண்டுவந்து போட்ட புத்தகங்களை. உ.வே.சா.வுக்குப் பட்டம் இல்லை, ஆனால் மடத்தில் ராத்திரி பகல் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள். அத்தைக்குக் குடமுருட்டிக் கரையில் யாரும் இல்லை.

தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் சனி ஞாயிறு நேர்முக வகுப்பு நடக்கும். ஒரு வருடத்துக்குச் சில நாள்தான். அங்கேதான் ஒரத்தநாட்டுக்காரி ஒருத்தி பழக்கமானாள். பஸ் கண்டக்டரின் மனைவி. நன்னூல் உரை அவளிடம் இருந்தது, இவளிடம் இல்லை. அதன்பிறகு இருவரும் இன்லண்டு லெட்டரில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, பிள்ளைக்கு அம்மை போட்டது ஒரு வரி, உடனே ஒரு நூற்பாவும் உரையும், மடிக்கிற ஓரம் வரைக்கும் நுணுக்கி எழுதியது. ஹார்டியும் ராமானுஜனும் எழுதிக்கொண்டதும் கடிதம்தானே என்று ஒருநாள் சொன்னேன். "அவங்க ஸ்டாம்பு ஒட்டணும், எங்களுக்கு இன்லண்டு" என்றாள்.

கரஸ்ஸைப் புனிதமாக்க எனக்கு ஆசை இல்லை. பிரிக்காத கட்டோடு தேர்வுக்குப் போனவர்களும், கடைசி வாரத்தில் கைடு வாங்கிப் பாஸானவர்களும் ஏராளம். பல்கலைக்கழகங்களுக்கும் அது காசு. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு போட்டது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் 2014-15 வரைதான். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் அந்த வரியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே வருடம் செப்டம்பரில் அதே மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்றும் அறிவித்தது. தாளில் சமம். தாளாளரின் மேசையில் இன்னும் இல்லை.

ஒரு விஷயம் மாறியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பில் நடுவில் நின்றாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ், டிப்ளமோ என்று ஏதாவது கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அடைப்புக்குறி இல்லாமல் பெயர்ப்பலகை எழுதலாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் அண்ணன் மகள் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை முறுக்குத் தட்டோடு மேலே வந்தாள்.

"உங்கூட எத்தனை பேரு படிக்கிறாங்க?"

"வாட்ஸப் குரூப்புல இருநூத்திச் சொச்சம், அத்தப்பாட்டி."

"அதுல பேசுவீங்களா?"

"அசைன்மென்ட் எப்பன்னு கேப்போம். அவ்ளோதான்."

"ஒரத்தநாட்டுப் பொண்ணு யாராச்சும் இருக்கா பாரு."

இவள் சிரித்துக்கொண்டே தேடினாள். ஒருத்தி இருந்தாள். முகப்புப் படத்தில் கைக்குழந்தை. என்ன எழுதுவது என்று இவள் கேட்க, அத்தை முறுக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்: "நலம், நலமறிய ஆவல்னு போடு மொதல்ல."