தனம்மாள் வீட்டுச் சங்கீதம்

தஞ்சாவூர் அரசவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் விளங்கிய பாப்பம்மாளை மூதாட்டியாகக் கொண்டு, வீடும் வித்தையும் தாய்வழியாகவே இறங்கிவந்த ஒரு குடும்பம், அவ்வரசு க்ஷீணித்து ஆதரவு குன்றிய காலத்தில், பொருள் படைத்த துபாஷிகளும் வர்த்தகர்களும் நிறைந்த சென்னைப் பட்டணத்தை நாடி வந்து ஜார்ஜ் டவுனில் நிலைகொண்டது. அக்குடும்பத்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் வீணை தனம்மாள். பாட்டி காமாட்சியம்மாள் நாட்டியத்தில் பெயர் பெற்றவர்; தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் குமாரரான சுப்பராய சாஸ்திரிகளிடம் சிக்ஷை பெற்றவர்.

இப்படிப்பட்ட வீட்டில் வளரும் குழந்தைக்குச் சங்கீதப் பாடம் என்று ஆரம்பமாயிற்று என்று நாள் குறிக்க முடியாது. சரளி வரிசை, அலங்காரம் என்ற முறையான அப்பியாசம் உண்டுதான். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, கூடத்தில் ஒருவர் பாட அடுப்பங்கரையிலிருந்து மற்றொருவர் பிடியைத் திருத்துவதும், வந்த வித்வான்கள் ராகத்தின் நியாயத்தைப் பற்றித் தர்க்கம் செய்வதும் குழந்தையின் காதில் விழுந்து ஊறிவிடும். தவறாகப் பாடினால் வீட்டில் யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடும். சாத்தனூர் பஞ்சநதய்யரிடமிருந்து தீக்ஷிதர் கீர்த்தனங்களையும், வாலாஜாபேட்டை பாலதாஸ் நாயுடுவிடமிருந்து க்ஷேத்ரக்ஞர் பதங்களையும், தருமபுரி சுப்பராயரிடமிருந்தே அவருடைய ஜாவளிகளையும் பெற்ற தனம்மாள், அவற்றை மகளிர் நால்வருக்கும், அவர்கள் வழியே பேரக்குழந்தைகளுக்கும் வைத்துவிட்டுப் போனார். நிலபுலன் வைத்துப்போகும் அளவுக்குச் செல்வம் அவரிடம் தங்கவில்லை.

ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்பதற்கென்றே பெரிய வித்வான்கள் வந்து அமர்வார்கள். மீட்டு அணியாமல் விரலாலேயே தந்தியை மீட்டுவார். உடன் மெல்லப் பாடுவார். சிறு ஓசையும் அவருக்குப் பொறாது. பார்வை மங்கிய பின்னரும் அச்சபை நின்றுவிடவில்லை. அங்கு ஓரமாய் உட்காரப் பழகிய சிறுவர் சிறுமியர் கற்றவற்றுள் முதன்மையானது வாயை மூடிக்கொண்டு கேட்பது என்பது என் எண்ணம். சௌக்க காலத்தில், ஒரு சொல்லின் மேல் ராகம் முழுவதையும் நிறுத்திவைக்கும் பதத்தை, கேட்கத் தெரியாதவன் பாடவும் இயலாது.

வீட்டு வித்தையே போதும் என்ற கர்வமும் அவர்களுக்கு இருக்கவில்லை. இளைய மகள் காமாட்சி, தம் மகள் பிருந்தாவைக் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையிடம் அனுப்பினார். நாயனாப் பிள்ளையும் பாடகியர் குடும்பத்துப் பிள்ளை. பாடகி தனகோடியம்மாள் அவருடைய தாயின் சகோதரி. எனினும் அவருடைய மார்க்கம் வேறு: பக்கவாத்தியங்களை வரிசையாக அமர்த்தி, லயத்தில் போர் தொடுக்கும் கச்சேரி அவருடையது. அந்த ஆரவாரத்துக்கும் பாட்டியின் மௌனத்துக்கும் நடுவே வளர்ந்த பெண், தங்கை முக்தாவுடன் சேர்ந்து பாடிய பதங்களில் இரண்டின் பயனும் தெரியும். கணக்கு உள்ளே இருக்கும், வெளியில் அதன் சுவடு இராது.

தனம்மாளின் மற்றொரு மகளான ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி நாட்டியத்தை மேற்கொண்டது வீட்டாருக்குள்ளேயே எதிர்ப்புக்கு இடமானது. காலம் அப்படி. பட்டணத்தில் சதிர் என்ற அந்த நாட்டியத்துக்கு எதிரான கிளர்ச்சி முன்பே வலுத்திருந்தது. இருந்தும் கந்தப்ப நட்டுவனாரின் சிக்ஷையில் 1925-இல், ஏழு வயதில், காஞ்சீபுரத்தில் அரங்கேற்றம் நடந்தது. பின்னாளில் மகள் ஆட, தாய் பாடினார்.

1947-இல், இக்குடும்பமும் சார்ந்திருந்த தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்காக நெடுங்காலம் போராடிய டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் தாயாரே தேவதாசி சமூகத்தவர். ஆகையால் அக்கிளர்ச்சியை வெளியாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையன்று. பெண்மக்கள் வாழ்வுக்கு அது அவசியமாகவே இருந்தது. ஆனால் அதே காலத்தில் சபைகளில் இதே பதங்களைக் கேட்டுத் தலையசைத்த பெரிய மனிதர்கள், அவை எந்த வீட்டிலிருந்து வந்தன என்று சொல்லக் கூசினார்களே, அதற்கு எந்தச் சட்டமும் அவர்களை நிர்ப்பந்திக்கவில்லை. 1938-இல் காலமான தனம்மாள் இவற்றின் முடிவைக் காணவில்லை. பேத்திகளில் பாலசரஸ்வதிக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

பேரர்களான ரங்கநாதனும் விசுவநாதனும் மிருதங்கமும் புல்லாங்குழலும் கொண்டு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாய் அமர்ந்தார்கள். குழல் கச்சேரியின் நடுவே வாசிப்பை நிறுத்திவிட்டு, சாகித்தியத்தை வாய்விட்டுப் பாடுவது விசுவநாதனின் வழக்கமாயிருந்தது. வீணையோடு பாடிய பாட்டியின் பேரனுக்கு, சொல்லைப் பாடிக் காட்டாமல் அந்தச் சங்கீதத்தை வாத்தியத்தில் மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை போலும்.